அவசரப்படாத விரல்கள்: ராபர்ட்டா ஃபிளாக்

1971. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், அலெக்சாண்ட்ரியா நகரம். பாடகி ராபர்ட்டா ஃபிளாக்கின் வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட். தான் முதன்முதலாக இயக்கும் 'ப்ளே மிஸ்டி ஃபார் மீ' படத்துக்கு உங்கள் பாட்டு ஒன்று வேண்டும் என்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது ரேடியோவில் கேட்டாராம். 2,000 டாலர் பேச்சு. ஃபிளாக்குக்குச் சம்மதம்தான், ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தப் பாட்டு ரொம்ப மெதுவாகப் போகிறது, கொஞ்சம் வேகம் கூட்டி மறுபடி பாடித் தருகிறேனே என்றார். ஈஸ்ட்வுட் ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிறபடியே போதும் என்றுவிட்டார்.

அந்தப் பாட்டு 'த ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்'. ராபர்ட்டா ஃபிளாக்கின் முதல் இசைத்தட்டில் 1969இலேயே வெளிவந்து, பெரிய சத்தமில்லாமல் கிடந்தது. படம் ஓடிய பிறகு ரேடியோ நிலையங்களுக்கு விசாரிப்புகள் வர, கம்பெனி அதைக் கொஞ்சம் வெட்டித் தனிப்பாடலாக வெளியிட்டது. 1972இல் ஆறு வாரம் தொடர்ந்து முதலிடம். பில்போர்டு பத்திரிகையின் அந்த ஆண்டுப் பட்டியலிலும் அதுவே முதல் பாட்டு. மூன்று வருடம் தூசி படிந்துகிடந்த இசைத்தட்டும் கூடவே ஏறி முதலிடத்துக்கு வந்தது. பாடியவருக்கு அப்போது வயது 35. பாப் இசை உலகில் முதல் வெற்றிக்கு அது ரொம்பத் தாமதமான வயது.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வது எளிது. நடிகர் காரில் போனார், ரேடியோ ஒலித்தது, வாழ்க்கை மாறியது என்று. எனக்கு அதில் உறுத்துவது அந்த 'மெதுவாக' என்ற சொல். பாடியவருக்கே குறையாகப் பட்ட அந்த மெதுவான நடைதான் கேட்டவர்களைப் பிடித்து நிறுத்தியது. பாடகி திட்டம் போட்டு அதைக் கொண்டுவரவில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது? பதிலைக் குரலில் தேடுவதைவிடப் பியானோவில் தேடலாம்.

ஃபிளாக் பிறந்தது 1937 பிப்ரவரி 10, வட கரோலினா மாநிலத்தின் பிளாக் மவுன்டன் என்ற சிற்றூரில். வளர்ந்தது வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில், வாஷிங்டனுக்கு ஆற்றைத் தாண்டினால் வரும் ஊர். அப்பா அரசு அலுவலகமொன்றில் வரைபடங்கள் வரைபவர். அம்மா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். சிறுமிக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா பழைய சாமான் கிடங்கில் ஒரு பியானோவைக் கண்டுபிடித்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, சுதி சேர்த்து, பச்சைப் பெயின்ட் அடித்துப் பெண்ணிடம் ஒப்படைத்தார்.

தேவாலயம் என்றதும் அமெரிக்கக் கறுப்பின இசை தெரிந்தவர்களுக்கு ஒரு காட்சி மனதில் வரும்: கைதட்டல், கூவல், பாடகர் ஒரு வரி பாட மக்கள் மறுவரி எடுக்க, குரல் உடைந்து மேலே ஏறுவது. 'சோல்' என்று பிற்பாடு பெயர் பெற்ற இசை பெரும்பாலும் அந்த வெக்கையில் வெந்து வந்ததுதான். ரே சார்ல்ஸ் 1950களில் தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்துக் காதல் வரி போட்டதும், போதகரின் மகளான அரெத்தா ஃபிராங்க்ளின் 1967இல் அதைச் சிகரத்துக்குக் கொண்டுபோனதும் அந்த வழியில்தான். ஃபிளாக் குடும்பம் போன தேவாலயமோ சற்று அடக்கமானது. ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் சபையைச் சேர்ந்தது. அங்கே பாமாலைகள் அச்சிட்டபடி பாடப்படும். சிறு வயதிலேயே ஹாண்டெலின் 'மெசையா' என்ற பக்தி இசைப் படைப்புக்குப் பாடகர் குழுவுடன் பியானோ வாசித்ததை ஃபிளாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சூடான பாட்டு வேண்டுமென்றால் பக்கத்து பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போகவேண்டும். போவார். மஹேலியா ஜாக்சனையும் சாம் குக்கையும் அங்கேதான் கேட்டார். ஆக, சோல் இசையின் ஊற்று அவருக்குத் தெருக்கோடியில் இருந்தது. குடியிருந்த வீடு வேறு.

விரல்கள் பழகியது ஐரோப்பியச் செவ்வியல் இசை: பாக், ஷோபேன், ஸ்கார்லாட்டி. பதின்மூன்று வயதில், கறுப்பின மாணவர்களுக்கென்று நடந்த மாநிலப் போட்டியில் ஸ்கார்லாட்டியின் சொனாட்டா வாசித்து இரண்டாம் பரிசு வாங்கினார். 'கறுப்பின மாணவர்களுக்கென்று' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அன்றைய வர்ஜீனியாவில் பள்ளிக்கூடம் தனி, பேருந்து இருக்கை தனி, பியானோப் போட்டியும் தனி.

பதினைந்து வயதில் வாஷிங்டனின் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. கறுப்பின அமெரிக்கர்களுக்காக 1867இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் அறிஞர்களும் அங்கிருந்துதான் திரள் திரளாக வந்தார்கள். ஆனால் அங்கேயும் ஒரு சுவர். கச்சேரி மேடையில் செவ்வியல் பியானோ வாசிக்கும் கறுப்பினப் பெண்ணுக்கு வாழ்க்கை கிடைக்காது, ஆசிரியப் பயிற்சி எடுத்துக்கொள் என்று அறிவுறுத்தினார்கள். அன்றைய நிலவரத்தில் அது கெட்ட எண்ணத்தோடு சொன்ன புத்திமதி இல்லை. அதனால்தான் அது கூடுதலாக வலிக்கிறது. இதே தலைமுறையில், இதே வட கரோலினாவில் பிறந்த நீனா சிமோனும் செவ்வியல் பியானோக் கலைஞராக ஆசைப்பட்டு, ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கழகம் இடம் தராமல் கைவிட்டபின் மதுக்கூடத்தில் பாட வந்தவர். சிமோன் அந்த மறுப்பை வாழ்நாள் முழுக்கக் கோபமாகச் சுமந்தார். ஃபிளாக் வேறு மாதிரி ஆள். பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டு, பத்தொன்பது வயதில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மேல்படிப்பு தொடங்கிய சமயத்தில் அப்பா திடீரென்று இறந்துபோனார். சம்பளம் வேண்டும். வட கரோலினாவில் ஃபார்ம்வில் என்ற ஊரில், பிரிவினை நடைமுறையில் இருந்த பள்ளி ஒன்றில் இசையும் ஆங்கிலமும் கற்பிக்கும் வேலை. பிறகு வாஷிங்டனுக்குத் திரும்பி, அங்கே நடுநிலைப் பள்ளிகளில் வருடக்கணக்காக இசை ஆசிரியை. வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த வருடங்கள் ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு இதுதான் மையப் பகுதியாகப் படுகிறது. ஏனென்றால் ஈஸ்ட்வுட் கேட்ட அந்தப் பாட்டை ஃபிளாக் முதலில் பாடியதும் பாட வைத்ததும் ஒரு வகுப்பறையில்தான். பள்ளியின் பாடல் குழுவிலிருந்த சிறுமிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு சொல்லையும் தனியாக நிறுத்த வேண்டும், பின்பெஞ்சுப் பிள்ளை வந்து சேரும்வரை முதல் பெஞ்சு காத்திருக்க வேண்டும்.

பாட்டு அவருடையதும் இல்லை, கறுப்பின மரபில் வந்ததும் இல்லை. பிரிட்டனின் நாட்டுப்புறப் பாடகர் ஈவன் மெக்கால் 1957இல் தன் காதலி பெகி சீகருக்காக எழுதியது. சீகர் அப்போது அமெரிக்காவில் இருந்ததால் தொலைபேசியிலேயே பாடிக் காட்டினாராம். நாட்டுப்புறப் பாடகர்கள் அதை இரண்டு, இரண்டரை நிமிடத்தில் ஓடை மாதிரி பாடிவிட்டுப் போவார்கள். ஃபிளாக் கையில் அது ஐந்து நிமிடம் இருபத்திரண்டு விநாடி. தன் பாட்டை மற்றவர்கள் பாடிய பதிவுகளை மெக்காலுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவற்றைச் சேர்த்துவைத்த அலமாரிக்குக் 'கொடூரங்களின் கூடம்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருந்தார் என்று அவர் குடும்பத்தில் சொல்வார்கள். உலகம் அந்தப் பாட்டை மெக்கால் பாடியபடி நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு நேர்ந்த வேடிக்கை.

பகலில் பள்ளிக்கூடம், மாலையில் பக்க வேலை. வாஷிங்டனில் டிவோலி என்றொரு உணவகத்தில் ஆபரா பாடகர்கள் பாடுவார்கள்; அவர்களுக்குப் பியானோப் பக்கவாத்தியம் ஃபிளாக். இடைவேளையில் பின்னறைக்குப் போய், தனக்குத் தானே வாசித்துக்கொண்டு புளூஸும் பாப் பாட்டுகளும் பாடுவார். இந்தப் பக்கவாத்திய வேலைதான் அவருடைய பாணியின் பட்டறை என்று நினைக்கிறேன். அடுத்தவர் மூச்சுக்குக் காத்திருப்பதுதான் பக்கவாத்தியக்காரரின் முழுத் தொழிலும். பாடுகிறவர் இழுத்தால் இழுபட வேண்டும், நிறுத்தினால் விரலைத் தூக்கிப் பிடித்தபடி இருக்க வேண்டும், விட்ட இடத்தில் தாங்க வேண்டும். பாடகரும் பக்கவாத்தியமும் ஒரே ஆள் ஆகும்போது இந்தப் பேரம் முழுதும் ஒரே உடம்புக்குள் நடக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் பாட்டுக்காரர்கள் சௌக்க காலம் என்பார்களே, அதில் பாடுவது துரித காலத்தைவிடக் கஷ்டம். மறைந்துகொள்ள இடமிருக்காது, சுருதி அரை நூல் தவறினாலும் தெரியும். ஃபிளாக் அந்த வெளிச்சத்தில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குக் குரல் பயிற்சி தந்த ஃபிரெடெரிக் வில்கர்சன், உனக்குச் செவ்வியல் பாட்டைவிட வெகுஜனப் பாட்டில்தான் எதிர்காலம் என்று சொன்னார். முதலில் மனம் ஒப்பவில்லை, பிறகு கேட்டுக்கொண்டார். 1968வாக்கில் கேப்பிட்டல் ஹில் பகுதியில் 'மிஸ்டர் ஹென்றிஸ்' என்ற மதுக்கூடத்தில் முழுநேரப் பாடகியானார். கூட்டம் சேரச் சேர, உரிமையாளர் ஹென்றி யாஃபி மாடியை இவருக்காகவே மாற்றிக் கட்டினார். உட்காருவதற்குத் தேவாலய பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டார். மதுக்கூடத்தில் தேவாலய பெஞ்சு! அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கலவையானவர்கள்: நாடாளுமன்ற ஊழியர்கள், கலைஞர்கள், கறுப்பர்கள், வெள்ளையர்கள், வெளியே சொல்லிக்கொள்ள முடியாத காலத்தில் வாழ்ந்த தன்பாலின விருப்பினர்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது பற்றியெரிந்த ஊர் வாஷிங்டன் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜாஸ் பியானோக் கலைஞர் லெஸ் மெக்கேன் அந்த ஆண்டு ஃபிளாக்கைக் கேட்டு அசந்துபோய் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சொன்னார். தயாரிப்பாளர் ஜோயல் டார்ன் முன்னிலையில் நடந்த தேர்வில் மூன்று மணி நேரத்தில் 42 பாட்டுகள் வாசித்துப் பாடினார் ஃபிளாக். மதுக்கூடத்தில் இரவுதோறும் பாடியவரிடம் சரக்குக்கா பஞ்சம்? 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்து முடிக்கப் பத்து மணி நேரம்தான் ஆயிற்று. பெயரும் 'ஃபர்ஸ்ட் டேக்', அதாவது முதல் எடுப்பு.

அந்த இசைத்தட்டைக் காதல் பாட்டுக்காக மட்டும் நினைவு வைத்திருப்பது அநியாயம். முதல் பாட்டே வியட்நாம் போரையும் போலிப் பக்தியையும் குத்திக்காட்டும் 'கம்பேர்ட் டு வாட்'. எழுதியவர் ஜீன் மெக்டேனியல்ஸ். ஜாஸ் உலகின் பெரிய கை ரான் கார்ட்டர் டபுள் பாஸில் நடை போட, ஃபிளாக் பியானோவைத் தாள வாத்தியம் மாதிரி அடிக்கிறார். ஸ்பானிய மொழியில் ஒரு பாட்டு உண்டு: 'ஆங்கெலிட்டோஸ் நெக்ரோஸ்'. வெனிசுவேலா கவிஞர் ஆந்த்ரேஸ் எலோய் பிளாங்கோவின் கவிதையிலிருந்து வந்தது. தேவாலயச் சுவரில் சித்திரம் தீட்டும் ஓவியனே, தேவதைகளை வரையும்போது ஏன் ஒரு கறுப்புத் தேவதையைக்கூட வரையவில்லை என்று கேட்கும் பாட்டு. அதை ஏழு நிமிடத்துக்கு அசையாமல் பாடுகிறார். இனத்தின் வலியைச் சொல்லப் பலரும் குரலை உயர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் இவர் தாழ்த்திக்கொண்டார். கேட்பவன் குனிந்து கேட்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் விமர்சகர்களோடு சிக்கல் வந்தது. சோல் என்ற பெயரில் விற்கப்பட்டாலும் இவரிடம் சோல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நியூயார்க் விமர்சகர் ஒருவர் இவருக்கும் அந்த இசைக்கும் சம்பந்தமே இல்லை என்கிற அளவுக்குப் போனார். ரொம்ப மெருகு, ரொம்பக் கட்டுப்பாடு, படித்த குரல். இந்தக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் இருப்பது தெரியும். கறுப்பினப் பாடகி என்றால் வேர்க்க வேண்டும், கதற வேண்டும், ஒரு சொல்லில் பத்து சங்கதி போட வேண்டும்; ஒரு சங்கதிகூடப் போடாமல் நேர்கோடாக ஸ்வரத்தைப் பிடித்து நின்றால் அது உண்மையில்லை. செவ்வியல் மேடையில் ‘நீ இங்கே வேண்டாம்’ என்று சொன்ன உலகமும், சோல் மேடையில் ‘நீ செவ்வியல்காரி மாதிரி இருக்கிறாய்’ என்று முகம் சுளித்த உலகமும் ஒன்றுதான். நேர்மையாகச் சொன்னால் அவருடைய எல்லா இசைத்தட்டுகளும் எனக்கும் பிடிக்காது. 1980களின் சில பதிவுகளில் மெருகு மட்டும் மிஞ்சி நிற்கும். அதற்காக அவர் பொய் என்று சொல்ல மாட்டேன்.

வெற்றி வந்த பிறகு அடுத்த வெற்றி வந்த விதமும் ஒரு பியானோக்காரியின் கதைதான். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் பயணிகளுக்குக் காதில் மாட்டித் தந்த இசை நிரலில் ஒரு பாட்டைக் கேட்டார் ஃபிளாக். லோரி லீபர்மன் என்ற இளம் பாடகியின் 'கில்லிங் மீ சாஃப்ட்லி வித் ஹிஸ் சாங்'. உடனே காகிதம் எடுத்து ஐந்து கோடு கிழித்து, திரும்பத் திரும்பக் கேட்டு மெட்டை எழுதிக்கொண்டார். தரையிறங்கியதும் அதை எழுதியவர்களைத் தேடினார். 1972இல் சோல் பாடகர் மார்வின் கேயின் நிகழ்ச்சிக்கு முன்பு பாடும்போது கூடுதலாக ஒரு பாட்டு தேவைப்பட, இதைப் பாடினார். கூட்டம் கொந்தளித்தது. பதிவு பண்ணும்வரை இனி இதை எங்கேயும் பாடிவிடாதே என்று மேடையோரம் மார்வின் கே எச்சரித்ததை ஃபிளாக் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

முதல் இசைத்தட்டு முழுவதற்கும் பத்து மணி நேரம் எடுத்தவர், இந்த ஒரே பாட்டுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். தாளத்தை மாற்றினார், பின்னணிக் குரல்களைத் தானே அடுக்கினார், ஸ்வரக்கூட்டுகளைத் தொட்டுத் திருத்தினார். பாட்டு முழுக்க மைனரில் சோகமாகப் போகும். கடைசி ஸ்வரக்கூட்டை மட்டும் மகிழ்ச்சி தொனிக்கும் மேஜரில் வைத்து முடித்தார். மூலத்தில் அப்படி இல்லை. செவ்வியல் படிப்புதான் இந்தத் துணிச்சலைக் கொடுத்தது என்று அவரே சொன்னார். பாக் காலத்திலேயே இருந்த பழைய உத்திதான் அது: இருட்டுத் தெருவில் நடந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு கதவு திறந்து வெளிச்சம் கால்மேல் விழுவதுபோல. 1973இல் ஐந்து வாரம் முதலிடம். கிராமியில் ஆண்டின் சிறந்த பதிவுக்கான விருது 1973இல் 'ஃபர்ஸ்ட் டைம்' பாட்டுக்கு, 1974இல் இந்தப் பாட்டுக்கு. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த விருதை வாங்கிய முதல் கலைஞர் அவர்தான். யூ2 குழுவும் பில்லி ஐலிஷும் அதைச் செய்ய அடுத்த நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

இந்தப் பாட்டின் உரிமைக் கதை தனி. பாடகர் டான் மெக்லீன் பாடக் கேட்டு உருகிப்போன லீபர்மன், தன் மனநிலையைக் குறித்துவைத்ததிலிருந்து உருவான பாட்டு என்பது அவர் தரப்பு. பாட்டு நார்மன் கிம்பெல், சார்ல்ஸ் ஃபாக்ஸ் இருவர் பெயரில்தான் பதிவாயிற்று. ஃபிளாக்குக்கும் எழுத்தாளர் பங்கு கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் பணம் போகும். பாடியவருக்கு ஒரு காசு வராது. ஃபிளாக்கின் பெரிய வெற்றிகள் எல்லாமே மற்றவர்கள் எழுதியவை. பாட்டைக் கண்டெடுத்து, அதன் நடையை மாற்றி, முடிவையே மாற்றியவருக்கு அந்தக் கணக்கில் பெயர் இல்லை. 'இசையமைப்பு' என்ற சொல்லுக்குள் எது வரும், எது வராது என்பதைச் சட்டம் தீர்மானிக்கிற விதம் அது.

அதனாலோ என்னவோ, அடுத்து தயாரிப்பையும் தன் கையில் எடுத்தார். 'ஃபீல் லைக் மேக்கிங் லவ்' 1974இல் அவருடைய மூன்றாவது முதலிடப் பாட்டு; அதே பெயரில் வந்த இசைத்தட்டில் தயாரிப்பாளர் பெயர் ரூபினா ஃபிளேக் என்றிருக்கும். அது அவரேதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண் தயாரிப்பாளர்கள் கிட்டத்தட்ட இல்லாத காலம் அது. அப்படியொரு ஆள் வேண்டுமென்றால் உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

டானி ஹாத்தவேயைப் பற்றிச் சொல்லாமல் ஃபிளாக்கின் கதை முடியாது. சிகாகோவில் பிறந்து செயின்ட் லூயிஸில் பாட்டியிடம் வளர்ந்தவர், ஃபிளாக்கைவிட எட்டு வயது இளையவர், அதே ஹவர்டில் இசை படித்தவர். அவரும் பியானோக்காரர், அவரும் பாடகர். ஃபிளாக்கின் முதல் இசைத்தட்டிலேயே ஹாத்தவேயின் கைவண்ணத்தில் பாட்டுகள் உண்டு. 1972இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டில் 'வேர் இஸ் த லவ்' பெரிய வெற்றி, கிராமியும் கிடைத்தது. இந்த ஜோடிப் பாட்டுகளில் சுவாரஸ்யம் என்னவென்றால் இருவரும் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பதில்லை. ஹாத்தவேயின் குரலில் தேவாலயத்தின் முழு வெக்கையும் இருக்கிறது; ஃபிளாக் பக்கத்தில் நின்று அதற்குக் காற்றுவாட்டம் பார்த்து ஜன்னல் திறந்துவிடுகிறார். பழைய பக்கவாத்தியக்காரியின் கை.

ஹாத்தவேயைக் கடுமையான மனச்சிதைவு நோய் வாட்டியது. மருத்துவமனை, மாத்திரை, விலகல், மீண்டும் வருகை. இடைவெளிக்குப் பிறகு 1978இல் 'த குளோசர் ஐ கெட் டு யூ' அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை போயிற்று. அந்தத் தெம்பில் மறுபடி ஒரு ஜோடி இசைத்தட்டுக்கு வேலை தொடங்கியது. 1979 ஜனவரி 13 இரவு, நியூயார்க்கின் எசெக்ஸ் ஹவுஸ் ஹோட்டலின் பதினைந்தாவது மாடி அறை ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். வயது 33. முடிந்திருந்தவை இரண்டே ஜோடிப் பாட்டுகள். அவற்றை வைத்து 1980இல் இசைத்தட்டை வெளியிட்டார் ஃபிளாக். அதில் 'பேக் டுகெதர் அகெய்ன்' துள்ளலான நடனப் பாட்டு. தலைப்பின் பொருள் தெரிந்து கேட்டால் ஆட முடியாது.

பிறகு பீபோ பிரைசனோடு ஜோடிப் பாட்டுகள், 1983இல் ஒரு பெரிய வெற்றி. 1991இல் மேக்ஸி பிரீஸ்டோடு இன்னொன்று. இவர் குழுவில் பின்னணி பாடிக்கொண்டிருந்த லூதர் வான்ட்ராஸ் தனியே போய்ப் பெரிய நட்சத்திரமானார். இந்தக் காலத்தைச் சுருக்கிவிடலாம்.

சுருக்க முடியாதது வேறொன்று. ஹவர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் உண்டு, டபிள்யூஎச்யூஆர் என்று பெயர். 1976இல் மெல்வின் லின்ட்சி என்ற மாணவர் அங்கே இரவு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். மெதுவான, மிருதுவான கறுப்பினக் காதல் பாட்டுகள் மட்டும். நடுவில் கத்தல் கிடையாது. ஸ்மோக்கி ராபின்சன் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்து அதற்கு 'குவயட் ஸ்டார்ம்' என்று பெயர் வைத்தார்கள், அமைதிப் புயல். வேலையும் சொந்த வீடும் சேர்த்துக்கொண்டிருந்த கறுப்பின நடுத்தர வர்க்கம் அலுவலகம் முடிந்து வந்து கேட்ட இசை அது. பிறகு நாடு முழுக்கப் பல நிலையங்கள் அதே பாணியில் இரவு நிகழ்ச்சி நடத்தின. விமர்சகர்கள் எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் விழித்த ஃபிளாக்கின் இசைக்கு ஒருவழியாகப் பெட்டி கிடைத்தது. அதைச் செய்தது, பியானோக் கச்சேரி உனக்கு வேண்டாம் என்று அவருக்குச் சொன்ன அதே பல்கலைக்கழகத்தின் வளாகம்.

1996இல் ஃப்யூஜீஸ் என்ற ஹிப் ஹாப் குழு 'கில்லிங் மீ சாஃப்ட்லி'யை எடுத்தது. முதலில் வரிகளை மாற்றி வறுமையையும் போதையையும் பற்றிய பாட்டாக்க நினைத்தார்கள், எழுதியவர்கள் அனுமதிக்கவில்லை. கனமான ஹிப் ஹாப் தாளத்தின் மேல் குழுவின் பாடகி லாரின் ஹில் பாடிய பதிவு உலகெங்கும் ஓடியது. லீபர்மன் பாடியதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். லாரின் ஹில் பாடுவதை உற்றுக் கேட்டால் அது யாருடைய பாட்டு என்று தெரியும்: மூச்சு விடும் இடங்கள், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவிலுள்ள காலி இடம் எல்லாம் ஃபிளாக் 1973இல் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

நியூயார்க்கில் டக்கோட்டா கட்டடத்தில் நீண்ட காலம் குடியிருந்தார்; பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் அங்கே அண்டை வீட்டார். 2012இல் பீட்டில்ஸ் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு இசைத்தட்டு போட்டார். பிராங்ஸ் பகுதிப் பள்ளி ஒன்றில் பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் திட்டம் அவர் பெயரில் நடந்தது. ஆசிரியை வேலையை அவர் முழுசாக விட்டதே இல்லை என்று தோன்றுகிறது.

2016இல் பக்கவாதம் வந்தது. 2020இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி. 2022 நவம்பரில், நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துத் தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய் தாக்கியிருப்பதாகவும், இனி பாட முடியாது, பேசுவதும் சிரமம் என்றும் அவர் தரப்பில் அறிவித்தார்கள். அடுத்த சில வாரங்களில், 2023 ஜனவரியில், சிறுவர்களுக்கான படப் புத்தகம் ஒன்று அவர் பெயரில் வந்தது. ஒரு அப்பா பழைய சாமான் கிடங்கிலிருந்து ஓட்டைப் பியானோவைக் கொண்டுவந்து பெயின்ட் அடிக்கிற கதை. தலைப்பு 'த கிரீன் பியானோ'.

2025 பிப்ரவரி 24 அன்று, 88 வயதில் ராபர்ட்டா ஃபிளாக் காலமானார். மார்ச்சில் ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் லாரின் ஹில் வந்து பாடினார்.